நாளைக்கு இந்த வீடு யாருடையது?

மனநல மருத்துவராக இருந்த ஆண்டுகளில் என் கையெழுத்துக்காக வந்த காகிதங்களில், ஆகச் சிறிய ஒன்றுதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது. லெட்டர்பேடில் பெயர், வயது, தேதி. அதற்குக் கீழே ஒரே வரி: ‘கான்சியஸ், ஓரியண்டட், சித்த சுவாதீனத்துடன் இருக்கிறார்.’ அதை நம்பி வீடு கைமாறும், நஞ்சை கைமாறும், வைப்புத்தொகை முதிர்வுக்கு முன்பே உடைபடும். சான்று கேட்டு உடன் வருகிறவர் பெரும்பாலும் அந்தச் சொத்தைப் பெறப்போகிறவர். பத்திரம் எழுதி, முத்திரைக் கட்டணம் கட்டி, பதிவுக்கு டோக்கனும் வாங்கியாகியிருக்கும். டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த வரியில் பொய் ஏதுமில்லை என்பதுதான் சிக்கல். எதிரே இருப்பவர் விழித்திருக்கிறார், தம் பெயர் சொல்கிறார், இது ஆஸ்பத்திரி என்று தெரிகிறது. ஆனால் அவர் போடப்போகும் கையெழுத்தைப் பற்றி அந்த வரி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஒருவருக்குத் தீர்மானிக்கும் திறன் உண்டா என்று பொதுவாகக் கேட்பதே பிழை, எந்த முடிவுக்கு, எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அது கேள்வியாகும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. அந்த முடிவைப் பற்றியே அவரோடு பேசிப் பார்ப்பதைத் தவிர விடை காண வேறு வழியும் இல்லை.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12ஆம் பிரிவில், ஒப்பந்தம் செய்யும் அந்த வேளையில் ஒருவருக்கு அது புரிகிறதா, தம் நலனை அது எப்படிப் பாதிக்கும் என்று எடைபோட முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. மனநோய் விடுதியில் இருப்பவர்கூடத் தெளிவாக இருக்கும் இடைவேளைகளில் ஒப்பந்தம் செய்யலாம். நல்ல புத்தியுள்ளவர்கூட ஜுரத்தில் பிதற்றும்போது செய்ய முடியாது என்று எடுத்துக்காட்டும் தருகிறது. உயிலுக்கான 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. அதில் ஒரு மனிதரைக் காட்டுகிறார்கள்: பக்கத்தில் நடப்பது அவருக்குத் தெரிகிறது, பழகிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், ஆனால் தம் சொத்து எத்தகையது, உறவுகள் யார் யார், யாருக்கு எழுதுவது முறை என்பதெல்லாம் பிடிபடவில்லை. அவர் எழுதும் உயில் செல்லாது. நம் ஒருவரிச் சான்று வர்ணிப்பது கிட்டத்தட்ட இந்த மனிதரைத்தான். எது போதாது என்று சட்டம் படம் பிடித்துக் காட்டியதோ, அதையே போதும் என்று நாம் முத்திரை குத்திக் கொடுக்கிறோம். அதே பிரிவில் இன்னொருவரும் வருகிறார்: உடல் மிகத் தளர்ந்து கிடக்கிறார், ஆனால் சொத்தை எப்படிப் பங்கிடலாம் என்று யோசிக்க முடிகிறது. அவருடைய உயில் செல்லும். கை நடுங்குகிறது என்று சந்தேகப்படுவதும், நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார் என்று நம்பிவிடுவதும் ஒரே தப்புத்தான்.

டிமென்ஷியாவில் எது முதலில் போகும், எது கடைசிவரை தங்கும் என்று பார்த்துப் பழகியவருக்கு இது புதிதல்ல. உபசாரம் கடைசிவரை தங்கும். ‘வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா’ என்பதற்கு மூளை பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பது யார் என்று தெரியாதவரும் ‘தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா’ என்று கேட்டுச் சமாளிப்பார். இன்று என்ன கிழமை என்றால், ‘ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாமே ஞாயித்துக்கிழமைதான்’ என்று சிரிப்பார். நாமும் சிரிப்போம். கேள்வி பதிலில்லாமலே நழுவிவிடும். இன்னொரு பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. ‘இந்த வீட்டைப் பெரியவனுக்குத்தானே எழுதுறீங்க?’ அந்தத் ‘தானே’க்குள் பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ‘ஆமா’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்வது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். பத்திர எழுத்தர் கேட்பதும், உறவினர் கேட்பதும், அவசரத்தில் டாக்டர் கேட்பதும் இந்த ‘தானே’தான். அதே கேள்வியை ‘இந்த வீட்டை என்ன செய்யப் போறீங்க?’ என்று திறந்து கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பார்க்க வேண்டும். அந்த மௌனத்தில் தெரிவது எந்தத் தேர்விலும் தெரியாது.

‘எழுதி வைப்பது’ என்ற நம் பேச்சுவழக்கும் அப்படித்தான். உயிலும் எழுதி வைப்பதுதான், தான செட்டில்மெண்டும் எழுதி வைப்பதுதான். ஆனால் உயில் எழுதியவர் சாகும்வரை வீடு அவருடையது. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் பதிவானால் சாதாரணமாக அன்றே உரிமை போய்விடும். பிறகு தாமாக ரத்து செய்ய அநேகமாக வழியில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டிருந்தால் மட்டுமே ஒரு கதவைத் திறக்கிறது. ‘பையன் பேர்ல எழுதி வச்சுட்டேன்’ என்று நிம்மதியாகச் சொல்கிற முதியவர் மனத்தில் இருப்பது பல நேரம் உயில். கையில் இருப்பது செட்டில்மெண்ட். இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கிழமை கேட்பதில் பயனில்லை. ‘இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இந்த வீடு யாருடையது?’ என்று கேட்கலாம். ‘என்னுதுதான், என் காலத்துக்கு அப்புறம்தானே அவனுக்கு’ என்று பதில் வந்தால் பத்திரத்தின் பொருள் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இதை நோய் என்று சொல்லிவிடவும் கூடாது. யாரும் விளக்காததால் நல்ல புத்தியுள்ளவர்களும் இப்படியே நினைக்கிறார்கள். விளக்கிச் சொல்லி, பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் பழைய பதிலே வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ஒரு முடிவுக்குத் திறன் இருந்து, இன்னொன்றுக்கு இல்லாமல் போகலாம். கோயிலுக்கு 500 ரூபாய் கொடுக்கத் தேவையான புரிதல் வேறு, இருக்கிற ஒரே வீட்டைக் கொடுக்கத் தேவையான புரிதல் வேறு. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ஓர் ஆங்கில வழக்கில், முற்றிய மறதிநோயில் இருந்த ஒரு தாய் தம் வீட்டை மூத்த மகளுக்கு மாற்றிக் கொடுத்தது செல்லாது என்றார்கள். சின்ன அன்பளிப்பு என்றால் கொஞ்சம் புரிந்தால் போதும், உள்ள சொத்தையெல்லாம் கொடுக்கும்போது உயிலுக்கு வேண்டிய அளவு தெளிவு வேண்டும் என்பதே அதன் காரணம். மறுபக்கமும் உண்டு. 1870இல் லண்டனில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கை உயில் வழக்காடும் நம்மூர் வக்கீல்களும் அறிவார்கள். ஜான் பேங்க்ஸ் மனநோய் விடுதியில் இருந்தவர். செத்துப்போன ஒருவர் தம்மைத் துரத்துகிறார், பேய்கள் தொல்லை செய்கின்றன என்று நம்பியவர். ஆனால் வீடுகளின் கணக்கு அவருக்குத் தெரியும், வாடகை தெரியும், தம்மோடு இருந்த உடன்பிறந்தார் மகளுக்கு எழுதுகிறோம் என்பதும் தெரியும். பேய்கள் உயிலுக்குள் வரவில்லை. உயில் செல்லும் என்றார் தலைமை நீதிபதி காக்பர்ன். செய்யும் காரியம் புரிகிறதா, சொத்தின் அளவு தெரிகிறதா, உரிமை கோரக்கூடியவர்கள் நினைவில் இருக்கிறார்களா, மனக்கோளாறு ஏதும் பாசத்தை நஞ்சாக்கி இந்த முடிவைத் திசைதிருப்பியிருக்கிறதா என்று அவர் வகுத்த கேள்விகளுக்கு 150 ஆண்டுகளாக இணை வரவில்லை. நோயின் பெயர் அதில் எங்குமில்லை என்பதைக் கவனியுங்கள். நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் யாரையும் சித்த சுவாதீனம் அற்றவராகக் கொள்ள முடியாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது.

இதெல்லாம் டாக்டரின் அபிப்பிராயம்தானே, மதிப்பெண் போட்டால் பாரபட்சம் இருக்காதே என்று சொல்பவர்கள் உண்டு. நீதிமன்றத்துக்கும் எண் பிடிக்கும். அதிகம் காட்டப்படுவது 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் தேர்வு. தேதி, ஊர், மூன்று சொற்களை நினைவில் வைப்பது, 100லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது. பென்சில் பிடித்தறியாத கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? கோடு தாளின் ஓரம்வரை ஓடி நின்றுவிடும். வாக்கியத்துக்கான இடம் வெள்ளையாகவே இருக்கும். ஏழு கழிப்பதில் 93 வரும், அதன்பின் ‘எனக்கு இதெல்லாம் வராதுப்பா’ என்று வரும். அதே மனுஷி கிழக்கு வரப்பு யாருடையது, எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு, எந்த மருமகள் எவ்வளவு நகையை வாங்கித் திருப்பித் தரவில்லை என்பதைப் பிசகாமல் சொல்வார். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியில் ஒரு தேர்வை ஆய்வாளர்கள் தனியாக உருவாக்க வேண்டிவந்தது இதனால்தான். எதிர்த்திசையிலும் எண் ஏமாற்றும். நெற்றிப்பொட்டுப் பகுதி மூளை சுருங்கும் டிமென்ஷியாவில் நினைவு வெகுநாள் நன்றாக இருக்கும். தேதி, கணக்கு, படம் எல்லாம் சரியாக வந்து முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கிவிட்டு, போனில் பேசிய யாரோ ஒருவனுக்கு வாழ்நாள் சேமிப்பை அனுப்பிவிட்டு ‘அதனால என்ன’ என்பார்கள். ‘தம் நலனை எடைபோடுவது’ என்று ஒப்பந்தச் சட்டம் சொன்ன அந்த ஒன்றுதான் அவர்களிடம் போயிருக்கும். மதிப்பெண் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டும். தோண்டும் வேலையை அது செய்யாது. பணத்தைப் பற்றிய நேர்க்கேள்வி ஒன்றே பல நேரம் போதும். ‘இந்த மனை இன்னைக்கு என்ன விலை போகும்?’ என்றால், வாங்கிய காலத்து விலையைச் சொல்லி, அதற்கு மேல் யார் தருவான் என்று நம்மையே திருப்பிக் கேட்பவர் உண்டு. அவரைப் பொறுத்தவரை அவர் ஒரு மகனுக்கு எழுதிக் கொடுப்பது சின்னத் தொகை.

நேரம் என்பதை நாங்கள் மருத்துவர்களே போதுமான அளவு மதிப்பதில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது, புதிதாகச் சேர்த்த ஒரு தூக்க மாத்திரை, இவற்றில் எதுவும் எண்பது வயதுக்காரரை இரண்டு நாளில் ஆள்தெரியாதவராக்கிவிடும். ஒரு வாரச் சிகிச்சை அவரைப் பழையபடி கொண்டும் வந்துவிடும். பொழுது சாயச் சாயக் குழம்பி, காலையில் தெளியும் நோயாளிகள் எத்தனையோ பேர். காது கேட்காதவரைப் புத்தி பேதலித்தவர் என்று எழுதிய குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். கருவியை மாட்டி உரக்கக் கேட்டால் பாதித் தடுமாற்றம் காணாமல் போகும். ஆகவே திறன் இல்லை என்று எழுதுவதற்கு முன் அதை வரவழைக்க என்னென்ன செய்தோம் என்று எழுத வேண்டும். ஐசியூ படுக்கையில் மை தடவிய பெருவிரலை உருட்டி எடுக்கும் ரேகைக்கு அவசரம் எப்போதும் நோயாளியுடையதாக இருப்பதில்லை. அடுத்த வாரம் வரை பொறுக்கக்கூடிய பத்திரத்தை அடுத்த வாரம் எழுதலாம். சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உழைத்துச் சேர்த்தவர் தம் சொத்தைத் தம் இஷ்டப்படி கொடுக்க ஒரு டாக்டரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? வயதாகிவிட்டது என்பதற்காகப் பரீட்சை வைப்பது அவமானம் இல்லையா? அவமானம்தான், வயதுக்காக வைத்தால். திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும், சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மட்டுமே சோதிக்க வேண்டும், காரணம் காட்டுவது சந்தேகப்படுகிறவர் பொறுப்பு. பார்த்துக்கொள்ளாத பிள்ளைகளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்கோ வேலைக்கார அம்மாவுக்கோ எழுதினால் உடனே ‘அப்பாவுக்குப் புத்தி சரியில்லை’ என்று சான்று தேடி வருவது நம் ஊர் வழக்கம். பெண்ணுக்குச் சரிபங்கு எழுதிய தகப்பனையும் இப்படிக் கொண்டுவருவார்கள். பிறருக்குத் தவறாகப் படுகிற முடிவு என்பதாலேயே ஒருவருக்குத் திறன் இல்லை என்றாகாது என்று, சிகிச்சை முடிவுகளைக் குறித்து, 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சொத்துக்கும் அந்த நியாயம்தான். முழுப் புத்தியோடு முட்டாள்தனம் செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு. அறுபது வயதில் அது காலாவதியாவதில்லை. எனவே முடிவு நல்லதா என்று டாக்டர் பார்க்கக் கூடாது. அதற்கு வந்து சேர்ந்த வழி அவருடைய சொந்த வழியா என்று பார்க்க வேண்டும். ‘சின்னவன் பத்து வருஷமா எட்டிப் பாக்கல, அதான்’ என்பது காரணம். சின்னவனுடைய பெயரே வராமல் இருந்தால், அவனை ஒதுக்கினாரா மறந்தாரா என்று கேட்டாக வேண்டும்.

இன்னும் ஒருபடி மேலே போய், திறனைச் சோதிப்பதே பாகுபாடு என்பவர்களும் இருக்கிறார்கள். 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் கூறு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி என்கிறது. மனத்திறன் குறைவைக் காட்டி அந்தத் தகுதியைப் பறிக்கக் கூடாது, முடிவெடுக்க ஆதரவுதான் தர வேண்டும் என்று அதன் குழு 2014இல் விளக்கம் தந்தது. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அந்த வழியில்தான் எழுதப்பட்டது. இந்த வாதத்தில் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். எளிய சொல்லில் விளக்குவதும், நேரம் கொடுப்பதும், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைப்பதும் ஆதரவுதான். ஆனால் மையிட்ட விரலைப் பிடித்துத் தாளில் வைக்கிறவரும் தம்மை ஆதரவாளர் என்றுதான் சொல்லிக்கொள்வார். சோதனையே வேண்டாம் என்றால் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெயித்துவிடுவார். திறன் இருப்பவரையும் நெருக்குதலால் வளைக்கலாம் என்பது வேறு. வயது, நோய், துயரம் ஆகியவற்றால் மனம் தளர்ந்தவரிடம் தகாத செல்வாக்குச் செலுத்துவதை ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவில் தனியாகவே பேசுகிறது. டாக்டர் செய்யக்கூடியது ஒன்றுதான்: உடன் வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் பேசுவது. அதற்குக் கிளம்பும் எதிர்ப்பின் அளவே ஒரு தகவல்.

நல்லெண்ணத்தோடு வரும் குடும்பங்களின் பாடு வேறு மாதிரியானது. அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அம்மாவின் பணத்தையே எடுக்க வேண்டும். ‘பவர் பத்திரம் அப்பவே வாங்கி வச்சுட்டோம் டாக்டர்’ என்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்வது எனக்கு என்றைக்குமே எளிதாக இருந்ததில்லை: ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவரின் புத்தி பேதலித்தால் முகவரின் அதிகாரம் அங்கேயே முடிகிறது. எந்த நாளுக்காக வாங்கி வைத்தார்களோ அந்த நாளில் அந்தப் பத்திரம் வெறும் தாள். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம், திறன் போன பிறகும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு வழிசெய்து, 2007இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் பழைய 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஆள் நியமிக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை முடிவுகளோடு நின்றுகொண்டது. அதனால் கோமாவில் கிடப்பவரின் மனைவி உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டியிருக்கிறது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனைவியைக் காப்பாளராக நியமித்தது. நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனை குடும்பங்களும் ரிட் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

இத்தனை கேள்விக்கு ஓபியில் ஏது நேரம் என்று இளைய மருத்துவர்கள் கேட்பார்கள். அரை மணி நேரம் ஆகும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உயில் வழக்கு பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வரும். எழுதியவர் இருக்கமாட்டார், கூண்டில் நிற்பது டாக்டரும் அந்தத் தாளும்தான். ‘பூரண ஞாபகசக்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்’ என்ற வாசகம் எல்லாப் பத்திரத்திலும் இருப்பதால் எந்த நீதிபதிக்கும் அது எதையும் நிரூபிப்பதில்லை. சந்தேகத்துக்கிடமான சூழல் இருந்தால் அதைப் போக்குவது உயிலை முன்வைப்பவர் கடமை என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றைக்கு உதவுவது நாம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்று அவர் பேச்சிலேயே எழுதிய நாலு வரி. இளையவர்களைக் கேட்டுக்கொள்வது அந்த நாலு வரியைத்தான். சான்று கேட்டு அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. காலை நேரமாகப் பார்த்து வாருங்கள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். டாக்டர் சொல்வதற்கு முன்பே நீங்கள் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.